கை நனைத்த கடல்

மழை பேருக்குப் பெய்து வெயில் ஊருக்கே பெய்கிற சீமையில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே, பாவடித் தெரு என்று ஒரு தெரு இருந்தது. அந்தக் காலத்து நெசவுக்காரர்கள் பாவு நூலை நீளக் கட்டிக் கஞ்சி தடவிய மைதானம் அது என்பதால், ரெண்டு தேர் எதிரும் புதிருமாக வந்தாலும் ஒதுங்க வேண்டியதில்லை, அத்தனை அகலம். அந்தத் தெருவுக்குக் கடல்கள் ஒவ்வொன்றாய் வந்து முகம் காட்டிவிட்டுப் போன சித்திரையில், தறிக்கு ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற தமயந்திக்குத் தூக்கம் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

தூக்கம் போனதென்றால் புரண்டு புரண்டு படுக்கிற கணக்கில்லை. படுப்பாள், கண்ணும் மூடும். மூடின உடனே காதுக்குள்ளே ஓர் அலை எழும்பி வந்து அந்தரத்தில் நிற்கும். விழுந்து தொலைத்தால்கூடத் தேவலை, விழாது. எப்போது விழும் எப்போது விழும் என்று அதையே பார்த்துக் கிடந்து, அப்படியே கிழக்கு வெளுத்து, எழுந்து போய்ப் பால் காய்ச்சுவாள். பாலில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போடுவாள். சின்னவள் யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டே யாழினியைக் காணோம் என்று தெருவெல்லாம் தேடுவாள். போன மாசம் ஒருநாள் நின்றபடியே கண் சொக்கி, ஓடுகிற தறிமேல் சாயப் போனவளைப் பக்கத்துத் தறிக்காரி தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டாள். அன்றையிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் உள்ளுக்குள்ளே ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. இன்னொரு தரம் தலைமுடி கைக்கு அகப்பட வேண்டுமே.

இத்தனைக்கும் காரணம் போன வருஷத்துச் சித்திரை. தறிக்கு லீவு விட்டதும் தெருவே வேன் பிடித்துக் கடலுக்குப் போயிருந்தது. அவள் புருஷன் செங்கோட்டுவேல் நல்லவன், பாயில் தலை படும் முன்னே தூங்கிவிடுகிற வரம் வாங்கி வந்தவன், பொண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, "நீ கொஞ்ச நேரம் படு தமயந்தி, நான் பாத்துக்கறேன்" என்றான். அவளும் நம்பி, மணலில் தலை சாய்த்தாள். இவன் ரெட்டைப் பிள்ளைகள் தருணையும் வருணையும் அலையோரம் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கலாமென்று போனை நிமிர்த்திப் பிடித்தான், வந்தது ஓர் அலை, போட்டோவில் ஒரு பிள்ளைதான் விழுந்தது. எழுந்து ஓடிய தமயந்தி தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி வருணின் குடுமியைப் பிடித்துத் தூக்கினாள். பிள்ளை இருமியது, அழுதது, பிறகு ஐஸ் கேட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த அலை மட்டும் அவள் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்கப்புறம் "நான் பாத்துக்கறேன்" என்று யார் சொன்னாலும் அவள் முதுகுத்தண்டு நிமிர்ந்துகொள்ளும். புருஷன் அந்த வார்த்தையைச் சொல்வதையே விட்டுவிட்டான்.

இந்த வருஷமும் சித்திரை வந்தது, மாசக் கடைசியில் தறிக்கு லீவு என்றார்கள், எந்தக் கடலுக்குப் போவது என்ற பேச்சும் வந்தது. கடல் வேண்டாம் என்று தமயந்தி ஒருத்திதான் சொன்னாள். ஒருத்தி சொல் சபை ஏறுமா? வருஷம் பூராவும் பஞ்சுத் தூசியை மூச்சாக விட்டவர்களுக்குக் கடல்காற்றுக் கேட்டது. சரி, எந்தக் கடல் என்றால் அதற்கு ஆளுக்கொரு வாய். ஒருத்திக்குப் பக்கத்திலேயே கோயில் வேண்டும், போன கையோடு புண்ணியமும் வரவேண்டும். ஒருத்திக்குக் குழந்தைப் பால் கரைக்க வெந்நீர் கிடைக்கிற ரூம் வேண்டும், தூளி கட்ட விட்டத்தில் கொக்கி வேண்டும். ஒருவனுக்கு ஆள் உயரத்துக்கு அலை வேண்டும். பொடிசுகளுக்கு மணலும் பஞ்சுமிட்டாயும் குதிரையும் வேண்டும். போனில் பார்த்தால் எல்லாக் கடலும் நீலமாய்த்தான் இருந்தது, எல்லாக் கடலும் குழந்தை குட்டிக்கு உகந்தது என்றுதான் போட்டிருந்தது.

பேச்சு முற்றிச் சண்டையாகப் போகிற நேரத்தில், செங்கோட்டுவேலின் அத்தை பாவாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தாள். தெருவில் நடந்த கல்யாணமெல்லாம் அவள் முன்னால் உட்கார்ந்து பேசி முடித்ததுதான்.

"ஏனப்பா, நம்ம தெருவுல ஒரு பொண்ணக் குடுக்கறோம், ஒரு பொண்ண எடுக்கறோம். போட்டோவப் பாத்தா முடிவு பண்றோம்? நேர்ல வரச்சொல்லி, உக்கார வெச்சு, நாலு வார்த்தை பேசிப் பாத்துத்தான முடிவு பண்றோம்? கைப்புள்ளைக்காரிகளக் கொண்டுபோயி விடற கடலு, அதையும் பாக்க வேண்டாமா? வந்து மூஞ்சியக் காட்டச் சொல்லு. புடிச்சா போறோம், புடிக்காட்டி அது ஊட்டுக்கு அது போகட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். பாவாயி அத்தை சிரிக்கவில்லை. சொன்னது காற்று வாக்கில் கிழக்கே போயிருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் மெட்ராஸ் கடல் வந்து தெருமுனையில் நின்றது.

ரிடையர்டு கண்டக்டர் நல்லசிவம்தான் முதலில் பார்த்தவர். பெரிய உருப்படி, நேராக உள்ளே நுழைந்தால் ரெண்டு பக்கத்து வீட்டுச் சன்னலும் போய்விடும் என்று கண்டவர், ஓடிப்போய்ப் பழைய விசிலை எடுத்து வந்து ஊதி, "ரிவர்ஸ்லயே வாங்க, வரலாம், வரலாம், லெஃப்ட்ல மின்கம்பம் இருக்குது, கொஞ்சம் ஒடிச்சு, வரலாம், ஹோல்டான்!" என்று சொல்லிச் சொல்லி உள்ளே விட்டார். கடலும் சொன்னபடி கேட்டு, பாவடியில் வசமாக உட்கார்ந்துகொண்டது. சுண்டல் வாசமும் மாங்காய் வாசமும் தெருவை நிறைத்தது. பொடிசுகள் சட்டையைக் கழற்றின. பெண்டுகள் வாசலில் காய்ந்த வற்றலை எடுத்து உள்ளே வைத்தார்கள், ஆண்கள் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு வந்து, "வாங்க, வழியில ஒண்ணும் சிரமமில்லீங்களே?" என்று கேட்டார்கள்.

"இன்னா சிரமம், ரோடெல்லாம் சும்மா சூப்பரா கீது" என்றது மெட்ராஸ் கடல்.

ஒரு வாய் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. பாவடித் தெருவின் வழக்கம் அது. சம்பந்தம் பேச வருகிறவர்கள், ரெண்டு பக்கத்துக்கும் பிடித்து, பெரியவர்கள் வாய்விட்டுச் சம்மதம் சொல்லும் வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. சோறு தின்னக் கூடாது, மோர் குடிக்கக் கூடாது, சொம்புத் தண்ணீரையும் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்ததாக அர்த்தம், அப்புறம் வேறு வீட்டுப் படி ஏற முடியாது. அப்படித்தான் கண்டக்டர் நல்லசிவம் வாலிபப் பிராயத்தில் இந்தத் தெருவுக்குப் பெண் பார்க்க வந்து, வெயில் தாங்காமல், பெண்ணின் முகத்தைப் பார்க்கும் முன்னமே ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, வீட்டோடு மாப்பிள்ளையாக இங்கேயே தங்கிப்போனவர். அவர் சம்சாரம் இன்றைக்கும் கோபம் வந்தால், "தண்ணி குடிக்க வந்த மனுசன்தானே" என்பாள்.

ஆளாளுக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். வெந்நீர் கேட்டார்கள், குதிரை கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மெட்ராஸ் கடல் உண்டு உண்டு என்றது. கடைசியில் பாவாயி அத்தை, "நீயும் ஒண்ணு கேளு அம்மிணி" என்று தமயந்தியை முன்னால் தள்ளிவிட்டாள். இடுப்பில் ஒன்று, கைக்கு ஒன்றாக ரெண்டு, கண்ணைச் சுற்றிக் கரி அப்பின மாதிரிக் கருவளையம், அவள் போய்க் கடலுக்கு முன்னால் நின்றாள்.

"எங்க புள்ளைங்கள நீங்க பாத்துக்குவீங்களா? நான் கொஞ்சம் கண்ணசரணும்."

மெட்ராஸ் கடல் அலையைச் சுருட்டிக்கொண்டது. அப்புறம், "யம்மா, உங்கிட்ட பொய் சொல்லக் கூடாது. டெய்லி எங்கிட்ட அவ்ளோ சனம் வருது. எது யார் புள்ளன்னே எனக்குத் தெரியாது. நான் ரொம்ப ஆழம்மா" என்றது. சொல்லிவிட்டு எழுந்து, வந்த வழியே போய்விட்டது. பொய் சொல்லாத கடல் என்று தெருவே அதை மெச்சியது. ஆனாலும் வேண்டாம் என்று முடிவாயிற்று.

அதற்கப்புறம் வந்தது கன்னியாகுமரி. அது ஒன்றில்லை, மூன்று. மூன்றும் ஒரே நேரத்தில் தெருமுனையில் நின்று யார் முன்னால் உட்காருவது என்று முட்டிக்கொண்டதில், நல்லசிவத்துக்கு விசில் ஊதி ஊதித் தாடை வீங்கிவிட்டது. மூன்றும் மூன்று நிறம், பார்க்கக் கண் கொள்ளவில்லை. செங்கோட்டுவேல் அசந்துபோனான். ஆள் உயர அலை கேட்டவன் அங்கேயே மனசைக் கொடுத்துவிட்டான்.

"எங்ககிட்ட வந்தா சூரியன் உதிக்கதும் பாக்கலாம், அடையதும் பாக்கலாம், கேட்டியளா" என்றது ஒன்று.

தமயந்தி தன் கேள்வியைக் கேட்டாள்.

"அதுக்கென்ன மக்கா, நாங்க மூணு பேரு இருக்கோம்லா. இவன் பாத்துக்கிடுவான்" என்று முதலாவது ரெண்டாவதைக் காட்டியது. ரெண்டாவது மூன்றாவதைக் காட்டியது. மூன்றாவது, "நான் அவங்க பாக்காங்கன்னுல்லா நெனச்சேன்" என்றது.

"எங்க ஊட்டுலயும் மூணு நாத்தனாருங்க" என்றாள் தமயந்தி. பெண்டுகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இப்படி அந்த மாசம் பூராவும் வந்துகொண்டே இருந்தன. கோயில் மணியோடு வந்தது ஒன்று, பழைய கோட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தது ஒன்று, வெள்ளைக்காரர்கள் ரெண்டு பேர் மிதந்துகொண்டிருக்க அவர்களோடேயே வந்தது ஒன்று. தெருவுக்கு இதெல்லாம் பழகிப்போனது. முதலில் அதிசயமாக நின்று பார்த்தவர்கள், பிறகு, "இன்னிக்கு வர்றது எந்தூருக் கடலு? மத்தியானத்துக்குள்ள போயிருமா? பாவு காயப் போடணும்" என்று கேட்கலானார்கள். தறி முதலாளிகள் இரும்பெல்லாம் துருப்பிடிக்கிறது என்று கத்தினார்கள், எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடியும் கத்தினார்கள். பொதுக்கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கியதும், பெண்டுகள் உலைக்கு உப்புப் போடுவதை விட்டுவிட்டு, அதுவும் ஒரு மிச்சம்தான் என்றார்கள். நாய்கள் ஒருதரம் நக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் எந்தக் கடல் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்து, இதெல்லாம் நடக்க வழியில்லை என்று ரொம்ப நேரம் விளக்கிச் சொன்னார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அவர் செருப்பு நனையாமல் போக ஒரு பலகை எடுத்துப் போட்டார்கள்.

போன வருஷத்துக் கடல் மட்டும் வரவில்லை. வராதது நல்லது என்று பாவாயி அத்தை சொன்னாள்.

வரவர எல்லாருக்கும் சலித்துவிட்டது. வருகிறதும் உட்காருகிறதும் போகிறதும், போன பிறகு ஈர மணலை வழித்துக் கொட்டுகிறதும், கேட்ட கேள்வியையே கேட்கிறதும். தமயந்திக்கு எல்லாரையும்விடச் சலிப்பு. எல்லாக் கடலுக்கும் முன்னால் போய் நின்று நின்று, தன்னைத்தான் எல்லாரும் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகிற மாதிரி அவளுக்குத் தோன்றிப்போனது. கடைசியில் கன்னியாகுமரியே போய்விடலாம், பிள்ளைகளை ரூமுக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டு தமயந்தி உட்காரட்டும் என்று பேச்சாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சபை கூடிச் சம்மதம் சொல்லிவிட்டால் முடிந்தது. தமயந்தி தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று கேட்டுக்கொள்ளவும் அவளுக்குத் தெம்பில்லை.

வியாழக்கிழமை உச்சிவெயிலில் கரண்டு போயிருந்தது. ஊர்த்தறியெல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டதில் தெருவே காது அடைத்த மாதிரிக் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் துவைக்கிற கல்லோரம் உட்கார்ந்து தமயந்தி பிள்ளைத் துணி அலசிக்கொண்டிருந்தாள். ரெட்டையர்கள் முருங்கை நிழலில் சேறு குழப்பிக்கொண்டிருந்தார்கள். யாழினி அலுமினியக் குண்டாவில் உட்கார்ந்து தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது பின்சந்து வழியாக, உறைமோர் கேட்க வருகிற பக்கத்து வீட்டுக்காரி மாதிரிச் சத்தமில்லாமல் ஒரு கடல் வந்து, படலுக்கு அந்தாண்டையே நின்றது. அலையில்லை, நுரையில்லை, நீலம்கூடச் சரியாக இல்லை. கலங்கலாக, சாம்பல் பூத்த நிறத்தில், ஓரமெல்லாம் பாசியும் கிளிஞ்சலும் ஒட்டி, துவைத்துத் துவைத்து நைந்த நூல்சேலை மாதிரி இருந்தது.

"ஆத்தா, உள்ள வரலாமா?"

"முன்வாசலுக்குப் போங்க" என்றாள் தமயந்தி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "கண்டக்டரு இருப்பாரு, விசில் ஊதுவாரு. ஆனா சபை ஞாயித்துக்கெழமதான்."

"நான் பாக்க வைக்க வரலை, ஆத்தா. நானு சேதுக்கு வடவாண்ட இருக்கவ. எங்க பக்கத்துல என்னையப் பொண்ணுகடல்ம்பாக. தெக்க இருக்கது ஆணுகடல், அதுக்குக் கோவம் வரும், பொங்கும், நாலு பேரு பயந்து கும்பிடுவாக. எனக்கு அதெல்லாம் இல்லை. இந்தா இம்புட்டுத் தண்ணி, அதுலயே குஞ்சு பொரிக்கது, நண்டு நடக்கது, பாசி அறுக்க வாரவுக, அவுக புள்ளைக, எல்லாம் என் மடியிலதான். கண்ணசர நேரமில்லை. கடலுகல்லாம் எங்கிட்டோ போயிட்டு வருதுகளேன்னு நானும் கெளம்பி வந்துட்டேன். கொஞ்சம் உக்கார எடமிருக்குமான்னுதான்."

தமயந்தி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கடலுக்குக் கண் உண்டா, கண்ணைச் சுற்றிக் கருவளையம் உண்டா என்று யாரும் கேட்கலாம். இவளுக்குத் தெரிந்தது. தினம் கண்ணாடியில் பார்க்கிறதுதானே.

படலைத் திறந்துவிட்டாள். கடல் பொடக்காளிக்குள் வந்து, முருங்கையைச் சுற்றி, துவைகல்லைச் சுற்றி, சேறு குழப்புகிற பிள்ளைகளின் கணுக்காலைச் சுற்றி மெதுவாக உட்கார்ந்தது. வெயிலில் நெடுந்தூரம் நடந்து வந்ததில் அதற்கு மூச்சு வாங்கியது. வெயிலில் வந்த சீவன் ஒன்று வீட்டுக்குள் வந்து மூச்சு வாங்கினால் கை தானாக என்ன செய்யுமோ அதைத் தமயந்தியின் கை செய்தது. உள்ளே போய், மண்சட்டியிலிருந்த மோரில் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, பித்தளைச் செம்பு நிறைய ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். கடல் அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்தது.

"எம்புட்டு நாளாச்சு, உப்பில்லாம ஒண்ணக் குடிச்சு" என்றது.

"கொஞ்சம் படுங்க" என்றாள் தமயந்தி. அப்புறம், தனக்கே கேட்கப் பிடிக்காமல் போன அந்த வார்த்தை அவள் வாயிலிருந்தே வந்தது. "நான் பாத்துக்கறேன்."

"யாரைப் பாத்துக்குவ?"

"உங்க புள்ளைங்களத்தான்."

கடல் மடியை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டது. பிறகு முருங்கை நிழலில் ஒருக்களித்துப் படுத்து, அந்த நிமிஷமே தூங்கிப்போனது. அது தூங்கியதும் மடி தளர்ந்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வரத் தொடங்கியது. விரல்கடை நீள மீன்குஞ்சுகள் துணி அலசின வாளிக்குள் தாவின. நண்டுகள் வரிசையாக அடுப்படிக்கு நடந்தன. குதிரை மூஞ்சி வைத்த மீன் ஒன்று யாழினியின் விரலில் வாலைச் சுற்றிக்கொண்டு ஆடியது. தமயந்தி சேலையை வரிந்து கட்டிக்கொண்டாள். குஞ்சுகளைக் குண்டாவுக்கு மாற்றினாள், நண்டுகளை முறத்தில் அள்ளினாள். "டேய் தருணு, மிதிக்காத, அது குட்டிடா. வருணு, வாயில வெக்காத!" தன்னுடையது மூன்று, கடலுடையது கணக்கில்லை. எதுவும் படலைத் தாண்டிப் போகாமல், எதையும் எதுவும் மிதிக்காமல், வெயில் சாயும் வரைக்கும் பார்த்துக்கொண்டாள். அத்தனை நேரத்துக்கும் காதுக்குள் நின்ற அலையை அவள் நினைக்கவில்லை.

கடல் கண் விழித்ததும் எழுந்து, குண்டாவுக்குள் பார்த்தது, வாளிக்குள் பார்த்தது, முறத்துக்குள் பார்த்தது. எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாய் மடியில் எடுத்துக் கட்டிக்கொண்டது.

"வாரேன் ஆத்தா" என்றது. பின்சந்து வழியே போய்விட்டது.

கரண்டு வந்தது, தறிச் சத்தம் வந்தது, பாவாயி அத்தையும் வந்தாள். துவைகல்லின் மேல் கவிழ்த்திருந்த செம்பை எடுத்தாள். விளிம்பில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.

"யாருக்குடி மோர் குடுத்த?"

தமயந்தி சொன்னாள். சொல்லி முடிக்கும்போதுதான் தான் செய்த காரியம் அவளுக்கே உறைத்தது. அத்தை செம்பைக் கையில் பிடித்தபடி அப்படியே துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"அட பாதகத்தி! அந்தக் கடலு நம்ம ஊட்டுல கை நனைச்சிருச்சே!"

அன்று சாயங்காலமே சபை கூடியது. கூச்சல் என்றால் கூச்சல். யாரைக் கேட்டுக் கொடுத்தாள் என்றார்கள். கொல்லை வழியாக வந்ததெல்லாம் ஒரு கடலா, அலை உண்டா அதற்கு, குதிரை உண்டா, கோயில் பக்கமா என்றார்கள். செங்கோட்டுவேல் பொண்டாட்டிக்காகப் பேச எழுந்து, அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். தமயந்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு, வைதால் வையட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். வைகிறதைக் கேட்கவும் ஒரு தெம்பு வேண்டுமல்லவா.

"மோர்தானே, தெரியாமக் குடுத்துட்டா, விட்ருவோம்" என்றான் ஆள் உயர அலை கேட்டவன்.

"விட்ருவோமா?" என்று எழுந்தார் கண்டக்டர் நல்லசிவம். "ஒரு சொம்புத் தண்ணிய நான் தெரியாமக் குடிச்சேன். அன்னிக்கு விட்டீங்களாடா நீங்க?"

சபை கப்பென்று அடங்கியது. பின்னாலிருந்து அவர் சம்சாரத்தின் குரல் மட்டும், "இருக்கட்டும், ஊட்டுக்குத்தான வருவீங்க" என்றது. பாவாயி அத்தை தொண்டையைச் செருமி, கை நனைத்த சம்பந்தத்தை முறித்தால் நாளைக்கு நம் தெருவில் எந்தக் கடல் வந்து கால் வைக்கும், போறது அங்கேதான் என்று தீர்த்துவிட்டாள்.

வேனில் வழியெல்லாம் முணுமுணுப்பு. போய் இறங்கிப் பார்த்தால் அதற்கும் மேலே. கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் தட்டையாய், இஸ்திரி போட்டு விரித்த மாதிரித் தண்ணீர். கரையில் ரெண்டு பனை, கவிழ்த்துப் போட்ட படகுகள், வலை காயப் போட்ட கயிறு. பஞ்சுமிட்டாய் இல்லை. குதிரை இல்லை. "இதுக்கு நம்மூரு ஏரிக்கே போயிருக்கலாம்" என்று ஒருத்தி சொன்னாள். ஆனாலும் பிள்ளைகள் இறங்கின. இறங்கி நடந்தன, நடந்து நடந்து, வேன் ஒரு தீப்பெட்டி மாதிரித் தெரிகிற தூரத்துக்குப் போயும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை.

தமயந்தி கரையில் நின்றாள். நின்றவள் உட்காரவில்லை. செங்கோட்டுவேல் போனை வேனிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரெட்டையருக்குப் பின்னாலேயே தண்ணீரில் நின்றான். அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

ஒரு சின்னத் தண்ணீர்நாக்கு மணலில் ஊர்ந்து வந்து அவள் குதிகாலைத் தொட்டது.

"வந்துட்டியா ஆத்தா?"

"வந்துட்டேங்க."

"படு. நான் பாத்துக்கிறேன்."

அவள் முதுகுத்தண்டு பழக்கப்படி நிமிர்ந்தது. கண் வருண்மேலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்து அவன் ஒரு நண்டைத் துரத்தி ஓடி, தடுக்கி, முகங்குப்புற விழுந்தான். தமயந்தி ஓரடி எடுத்து வைத்தாள். செங்கோட்டுவேல் எட்டிப் பிடிக்கும் முன்னமே, சரிந்த குடத்தை இடுப்பால் முட்டுக் கொடுத்து நிமிர்த்துகிற பெண்பிள்ளை மாதிரி, தண்ணீர் அவனை ஒரு தூக்குத் தூக்கி, திருப்பி, புட்டம் மண்ணில் பட உட்கார வைத்தது. மூக்கில் ஒரு சொட்டு ஏறவில்லை. வருண் கைகொட்டிச் சிரித்துவிட்டு, வேண்டுமென்றே இன்னொருதரம் விழுந்தான். இன்னொருதரமும் தண்ணீர் அவனை உட்கார வைத்தது. புருஷன் திரும்பி இவளைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

தமயந்தி மணலில் உட்கார்ந்தாள். யாழினியை வாங்கிக்கொள்ளப் பாவாயி அத்தை கையை நீட்டினாள், கொடுத்தாள். கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தாள். கண் மூடியதும் காதுக்குள் அந்த அலை வழக்கம்போல எழும்பி வந்து அந்தரத்தில் நின்றது. ஒரு வருஷமாக நின்ற அலை, நின்று நின்று அதற்கும் கால் கடுத்திருக்கும். வெளியே இருந்த கடல் அதைக் கைபிடித்துக் கீழே இறக்கிவிட்டிருக்க வேண்டும். சத்தமில்லாமல் அது விழுந்தது. விழுந்த இடத்தில் நுரைகூட இல்லை.

அவள் தூங்கினாள். வாய் திறந்து, கொண்டை அவிழ்ந்து, கன்னத்தில் மணல் ஒட்டத் தூங்கினாள். முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்களை அத்தை உதட்டில் விரல் வைத்து அடக்கினாள். நல்லசிவம் ஒரு பழைய படகுப்பாயை வாங்கி வந்து, அவர் சம்சாரம் ஒரு முனையைப் பிடிக்க, அவள் முகத்துக்கு நிழலாகக் கட்டினார். அப்புறம் ஒவ்வொருத்தராய், வெந்நீர் கேட்டவள், கோயில் கேட்டவள், ஆள் உயர அலை கேட்டவன் எல்லாருமே அங்கங்கே மணலில் சாய்ந்தார்கள். பாவடித் தெரு மொத்தமும் படுத்துக் கிடக்க, அதன் பிள்ளைகள் மொத்தமும் முழங்கால் தண்ணீரில் கத்திக்கொண்டிருந்தன.

பொழுது சாய்ந்தது. தண்ணீர் ஏறுகிற நேரம் வந்தது. அந்த ஊர்ப் படகுக்காரர்கள் தூக்குவாளியும் வலையுமாய் வந்து, தரை தட்டிக் கிடந்த படகுகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். தண்ணீர் போட்டது போட்டபடி, முழங்கால் அளவிலேயே நின்றது.

"என்னண்ணே, ஏத்தம் இன்னும் வரக்காணோம்?" என்றான் ஒருவன்.

மூத்தவர் கடலைப் பார்த்தார், தண்ணீரில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தார், பாய்நிழலுக்குக் கீழே வாய் திறந்து கிடந்தவளைப் பார்த்தார். பிறகு வலையைத் தோளிலிருந்து இறக்கி மணலில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்தார்.

"யாரோ கண்ணசந்திருக்காகடா" என்றார். "எந்திரிக்கட்டும், போவோம்."